கொட்டாய் போட்ட வாரத்திலேயே நர்சம்மாவைப் பாருங்கள்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள், வைகாசியில்தான் திரும்புவார்கள். இந்த முறை தஞ்சாவூர்ப் பக்கம். ஆள் சேர்த்து அழைத்துப் போகும் மேஸ்திரியிடம் முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அப்பாவுக்கு 48 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. ஊரில் இருக்கும்வரை மாத்திரை வீட்டுக்கே வரும். வேலைக்குப் போன இடத்தில் நிறுத்திவிடுகிறார், உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அக்கா ஐந்து மாதம். மாமாவோடு ஜோடியாக அவளும் போகிறாள், ஒன்றரை வயதுப் பையனையும் தூக்கிக்கொண்டு. அம்மாவுக்கு 41 வயது. எட்டு மாதமாக மாதவிடாயின்போது ரத்தப்போக்கு மிக அதிகம். ‘கர்ப்பப்பையை எடுத்துவிடு, லீவு போடாமல் வேலை பார்க்கலாம்’ என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்களாம், அம்மாவும் அதற்குத் தயாராகிவிட்டார். போகாதீர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை, என் ஃபீஸும் அந்தப் பணத்தில்தான் கட்டப்படுகிறது. போகிற இடத்தில் இவர்களுக்கு என்ன மருத்துவ வசதி உண்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு உயிர்களைப் பற்றிய கவலை இருக்கிறது, வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஐந்து. கரும்பு விளையும் பகுதியில் அரசு மருத்துவராக வேலை பார்த்தவள் என்ற முறையில், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு உரிய மருத்துவ உரிமைகளில் பெரும்பாலானவை தஞ்சாவூருக்கும் செல்லுபடியாகும். தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊர் பார்த்து, ஆதார் முகவரி பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி கிடையாது. அப்படியிருந்தும் உங்கள் அப்பாவுக்கு ஏன் மாத்திரை கிடைக்கவில்லை? நம்முடைய பொது சுகாதார ஏற்பாடு பதிவேட்டை வைத்து நடப்பது. கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டில் இருக்கும் வீடுகளுக்குப் போகிறார், அந்த வீட்டுக் கர்ப்பிணியைத் தேடுகிறார், குழந்தைக்குத் தடுப்பூசி நாள் வந்தால் ஆள் அனுப்புகிறார். வயலோரம் சோகையும் (காய்ந்த கரும்புத் தோகை) தார்ப்பாயும் போட்டுக் கட்டிய கொட்டாய் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோய் முற்றி 108 வரும்போதுதான் அங்கே ஆள் இருப்பதே தெரியவருகிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, அந்த ஊருக்கான துணை சுகாதார நிலையத்துக்கு அக்காவும் அம்மாவும் ஒருமுறை போய்வர வேண்டும். ‘நாங்கள் இத்தனை குடும்பம் இந்த வயலில் தங்கியிருக்கிறோம், மே மாதம் வரை இருப்போம், எங்களில் ஒரு கர்ப்பிணி, இத்தனை குழந்தைகள், சர்க்கரை உள்ளவர் இத்தனை பேர்’ என்று நர்சம்மாவிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். அவருடைய செல் நம்பரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். முகாம் இருப்பது தெரிந்துவிட்டால், குடிதண்ணீரில் குளோரின் கலக்கச் சுகாதார ஆய்வாளரையும், வட்டாரத்தில் சுற்றும் நடமாடும் மருத்துவக் குழுவையும் கொட்டாய்க்கு வரவழைக்க வழி பிறக்கும். மேஸ்திரியும் இதில் கூட வந்தால் நல்லது. ஆள் படுத்துக்கொண்டால் அவருக்கும்தான் நஷ்டம் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை உங்கள் கையில் இருக்கின்றன. நீங்கள் படித்தவர், போன் வைத்திருப்பவர். வீட்டிலுள்ள எல்லா மருத்துவக் காகிதங்களையும், அதாவது அக்காவின் தாய்-சேய் நல அட்டை, பையனின் தடுப்பூசி அட்டை, அப்பாவின் சிகிச்சை நோட்டு, காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, எல்லாவற்றையும் படம் எடுத்து அக்கா போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கொட்டாயில் மழையும் பனியும் முதலில் நனைப்பது காகிதத்தைத்தான்.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம். அக்காவிடமிருந்து தொடங்குகிறேன், அவருக்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது.

இப்போது ஐந்து மாதம் என்றால் மே மாதத் தொடக்கத்தில் பிரசவம். அதாவது வேலை முடிந்து எல்லோரும் ஊர் திரும்புவதற்குள் வலி வந்துவிடும். இதைக் குடும்பம் உட்கார்ந்து பேசியதா? பெரும்பாலும் ‘அதற்குள் முடிந்துவிடும்’ என்ற நம்பிக்கையில் கிளம்புவார்கள். ஏழாம் மாதம் முடிந்ததும், மார்ச் கடைசிக்குள், அக்கா ஊருக்குத் திரும்பி உங்கள் பாட்டியிடமோ வேறு யாரிடமோ இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை அங்கே இருந்தாலும் கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றும் வேலையை அவர் செய்யவே கூடாது. சோகை உரிப்பது, கொழுந்து நறுக்குவது, சமைப்பது போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். கணவன், மனைவி இருவரையும் ஒரு ஜோடியாகக் கணக்கிட்டுத் தரும் கூலி குறையும் என்று மாமா கவலைப்படுவார், அந்தக் கவலை நியாயமானது. குறைமாதப் பிரசவமாகி எடை குறைந்த குழந்தையோடு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போகும் கூலி அதைவிடப் பெரிது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன்பு இரண்டு காரியம். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது, இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்து, ஹீமோகுளோபின். முதல் பிள்ளைக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது என்பதால் உடம்பில் இரும்புச்சத்து தேறியிருக்க நேரம் போதாது. 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. மாத்திரையில் ஏறாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றும் வசதி நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது. முதல் பிரசவத்தில் தடுப்பூசி முழுதாகப் போட்டிருந்தால், மூன்று வருடத்துக்குள் வந்த இந்தக் கர்ப்பத்துக்கு ரணஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி ஒன்று போதும். அது போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள்.

தாய்-சேய் நல அட்டையில் பன்னிரண்டு இலக்கக் கர்ப்பப் பதிவு எண் ஒன்று இருக்கும், ‘பிக்மி நம்பர்’ என்று நர்சம்மாக்கள் சொல்வது. அந்த எண்ணைச் சொன்னால் தஞ்சாவூரிலும் பரிசோதனை விவரங்களைப் பதிவார்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அது தேவை. இரண்டாம் பிரசவம் வரைக்கும் உரிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக வருவதும் இந்தப் பதிவை வைத்துத்தான். நடுவில் பரிசோதனை விட்டுப்போய்ப் பணம் நின்றுபோன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனை அவர் அங்கே இருக்கும்போதுதான் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய், மார்ச்சில் ஒரு செவ்வாய் வேலைக்குப் போக வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, பனிக்குடம் உடைவது, வலிப்பு, பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ‘காலையில் பார்ப்போம்’ கிடையாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். வயலுக்கு நடுவே இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, இடத்தைச் சொல்லத் தெரியாது. பக்கத்து ஊரின் பெயர், ஊராட்சி, வண்டி வந்து நிற்கக்கூடிய இடமாக ஒரு கோயிலோ பம்புசெட்டோ பாலமோ, இவற்றை முதல் நாளே விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொட்டாயில் தொங்கவிடச் சொல்லுங்கள். பாம்புக்கடிக்கும் இதே தாள்தான் உதவும்.

பையனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், போலியோ சொட்டும் போட வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை வயது ஆகிவிட்டதால், இன்னும் போடாமல் இருந்தால் கிளம்புவதற்குள் இங்கேயே போட்டுவிடலாம். அந்த ஊர் அங்கன்வாடியில் சத்துமாவுக்குப் பையனின் பெயரைப் பதியச் சொல்லுங்கள், வெளியூர்ப் பிள்ளை என்று மறுப்பதற்கு இடமில்லை. வரப்போரத்தில் சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வெட்டப் போவதைவிட, பகலில் சில மணி நேரம் அங்கன்வாடியில் விட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ரேஷன் அரிசியும் அப்படித்தான். 2020 அக்டோபரிலிருந்து உங்கள் அட்டைக்குத் தமிழ்நாட்டின் எந்த ரேஷன் கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். அட்டையில் பெயர் உள்ள ஒருவர் அங்கே இருந்தால் போதும்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஒரு ஆபத்து, சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போடுவது வேறு ஆபத்து. கரும்பு வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும், வெறும் வயிற்றிலோ ஒரு டீயோடோ அரிவாளை எடுத்துவிடுவார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். கூடவே கடுமையான உடல் உழைப்பும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி, புத்தி தடுமாறி மயங்கி விழுவார், கையில் கூர்மையான அரிவாளோடு. அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைப் பாருங்கள். மேலே சொன்ன வகை இருந்தால், கிளம்பும் முன் உங்கள் ஊர் மருத்துவரிடம் ‘விடியற்காலையில் வேலை தொடங்கும், முதல் சாப்பாடு ஒன்பது மணிக்கு’ என்று வேலை நேரத்தை விளக்கிச் சொல்லி, எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. எதுவானாலும் மடியில் வெல்லக்கட்டியோ சர்க்கரைப் பொட்டலமோ இல்லாமல் அவர் வயலில் இறங்கக் கூடாது. நீங்களாகவோ அவராகவோ அளவை மாற்ற வேண்டாம்.

அடுத்தது அந்த வலி மாத்திரை. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு முதுகும் தோளும் மணிக்கட்டும் இரவெல்லாம் குத்தும், அதனால் டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ கிட்டத்தட்ட தினசரி உணவு போல ஆகிவிடுகிறது. வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்த மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிரஷருக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரையும் எடுப்பவர் என்றால் பாதிப்பு பன்மடங்கு. எல் சல்வடார், நிகரகுவா நாடுகளில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத இளம் கரும்பு வெட்டும் தொழிலாளர்களே கூட்டம் கூட்டமாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, மருத்துவ உலகம் அதற்குத் தனி நோய்ப்பெயரே வைத்தது. வெயிலும் நீரிழப்பும் அதற்கு முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன. அங்கே சில ஆலைகள் தண்ணீர், நிழல், இடைவேளை என்ற மூன்றையும் கட்டாயமாக்கிப் பார்த்தன. சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது, வெட்டும் அளவு குறையவில்லை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடமும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதை அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே இருக்கின்றன, இன்னொரு சுமையை அவர் சிறுநீரகம் தாங்காது.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் அளவோடு. வேலை நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். மதியம் ஒரு மணி நேரமாவது நிழல். வாந்தியோ பேதியோ வந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் ஊர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் இரண்டும் பார்த்துவிடுங்கள், திரும்பி வந்ததும் மறுபடி பாருங்கள். வெயிலில் யாராவது உளற ஆரம்பித்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்து நினைவு தப்பினாலோ, முதலில் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். 108-க்குக் காத்திருக்கும் நிமிடங்களில் இதைச் செய்தால்தான் உயிர் தங்கும்.

மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வழி இதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் தன்னார்வலரிடம் அப்பா ஐந்து மாதம் வெளியூர் போவதைச் சொல்லுங்கள். வழக்கமான அளவைவிடக் கூடுதலாக, இரண்டு மாதத்துக்காவது சேர்த்துத் தரும்படி மருத்துவ அலுவலரிடம் நேரில் கேளுங்கள். அது தீருவதற்குப் பத்து நாள் முன்பே தஞ்சாவூரில் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். ‘உங்கள் ஊரில் போய் வாங்குங்கள்’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று 104-ஐக் கூப்பிடட்டும். அது அரசின் மருத்துவ உதவி எண், ஆலோசனையும் கிடைக்கும், புகாரும் சொல்லலாம். அப்பாவுக்குத் தயக்கமாக இருக்கும். போனில் நீங்கள் பேசுங்கள்.

கால்களையும் மறக்க வேண்டாம். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை ஈட்டி போலக் குத்தும், சர்க்கரை உள்ளவருக்கு மரத்த காலில் வலி தெரியாது. மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். இரவில் யாராவது டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும், அம்மாதான் செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது அம்மா. இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அவர் விஷயம்தான்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகிறார்கள். அங்கேயும் ஜோடிக் கணக்குதான், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் நாட்களில் லீவு எடுக்க முடியாமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட பெண்களைப் பற்றி 2019-ல் செய்தி வெடித்தபோது, மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்த மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரைக் கணக்கெடுத்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது. ஆறு பேரில் ஒருவர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் மூன்று சதவீதம்தான். கரும்பு வெட்டும் பெண்களுக்கு மட்டும் கர்ப்பப்பையில் நோய் கூடுதலாக வந்துவிடுவதில்லை. வயலில் கழிப்பறை கிடையாது, துணி மாற்ற மறைவு கிடையாது, லீவு கிடையாது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கும் ‘எடுக்காவிட்டால் கேன்சர் ஆகிவிடும்’ என்ற ஒரு வாக்கியமும் இருக்கும். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு யோசனை சொன்ன பெண்களும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

எட்டு மாதமாக அதிக ரத்தப்போக்கு என்பதை அலட்சியப்படுத்தவும் கூடாது. 41 வயதில் நார்த்திசுக் கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடிப்பது, சின்னச் சதைவளர்ச்சி, தைராய்டு கோளாறு, ஹார்மோன் மாற்றம் என்று காரணம் பல இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு. பொங்கலுக்கு முன்பே மாவட்ட அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, வயிற்று ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இவை முதலில். நாற்பது தாண்டியவர் என்பதால் கர்ப்பப்பையின் உள்சதையில் சிறிது எடுத்துச் சோதிக்கவும் சொல்லலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். புற்றுநோய் பயத்துக்குப் பதில் சொல்வது அந்தச் சோதனைதான், அறுவை சிகிச்சை அல்ல. முடிவைப் பார்த்து, ரத்தப்போக்கு நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, ஐந்து வருடத்துக்கும் மேல் வேலை செய்யும் ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் பொருத்துவது என்று ஒவ்வொன்றாக மருத்துவர் யோசிப்பார். இரும்புச்சத்து மாத்திரை எப்படியும் வேண்டியிருக்கும்.

பெரிய கட்டியோ, மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கோ, புற்றுநோயோ இருந்தால் அறுவை சிகிச்சையே சரியான வழி, அப்போது நானே எடுங்கள் என்பேன். அப்படி ஒரு மருத்துவர் சொன்னால் இன்னொரு மகளிர் மருத்துவரிடமும் கேளுங்கள். சினைப்பையை விட்டுவைப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பாகிவிடும், எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். சினைப்பையை விட்டாலும் பலருக்கு அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. தலைச்சுமை தூக்கிப் பிழைக்கிறவருக்கு எலும்புதான் மூலதனம். தவிர, அந்த ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. லீவைத் தவிர்ப்பதற்காகச் செய்கிற காரியம் ஒரு பருவத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும் என்ற கணக்கை அம்மாவே போட்டுப் பார்க்கட்டும்.

செலவுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை. இந்த அட்டையைத் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம். அட்டையில் அம்மா, அப்பா, உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா திருமணமாகிப் போனவர், மாமா குடும்பத்து அட்டையில் அவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் இது விட்டுப்போயிருக்கும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: கரும்புத் தோட்டத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண்ணிமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்றால் பாம்புக்கடி என்றே நினைத்து ஓட வேண்டும். கட்டிலில்லாவிட்டாலும் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுப்பது பெரும் பாதுகாப்பு. கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பணம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி, உடம்பு சரியில்லாதவரை மருத்துவமனைக்கோ ஊருக்கோ போகவிடாமல் தடுத்தால் அது சட்டப்படி குற்றம். கடனைக் காட்டி ஒருவரின் நடமாட்டத்தைத் தடுப்பதைக் கொத்தடிமை முறை என்றுதான் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பார்க்கிறது. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம், ஊரிலிருந்தபடி நீங்களே தரலாம். உங்கள் மேஸ்திரி நல்லவராக இருக்கலாம், இருக்கட்டும். அக்கா மார்ச் கடைசியில் திரும்பப் போகிறார் என்பதைக் கிளம்பும் முன்பே, நாலு பேர் முன்னிலையில் அவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

அரசிடம் கேட்க எனக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1962-லேயே, பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் பண்ணைத் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் போட்டு நிதி ஒதுக்கினார்கள். நம்மிடம் அதைவிட அடர்த்தியான சுகாதார நிலைய வலை இருக்கிறது, செவிலியர்கள் இருக்கிறார்கள், இலவச மருந்து இருக்கிறது. அரவைப் பருவம் தொடங்கும்போது எந்த ஊரில் எத்தனை வெட்டாள்கள் இறங்குகிறார்கள் என்பது ஒவ்வொரு சர்க்கரை ஆலைக்கும் தெரியும், வெட்டு உத்தரவு கொடுப்பதே அவர்கள்தான். அந்தப் பட்டியலை வட்டார மருத்துவ அலுவலருக்கு ஆலை அனுப்பினால் போதும். வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குமேல், வெட்டு முடிந்து குளித்துவிட்டு வரக்கூடிய நேரத்தில், புறநோயாளிப் பிரிவைத் திறந்து வைத்தால் போதும். பகலில் மட்டும் திறந்திருக்கும் நிலையத்துக்கு வர ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியை மிச்சப்படுத்தத்தான் உங்கள் அப்பா கடையில் வலி மாத்திரை வாங்குகிறார்.

உங்களால் முடிந்தால், கூடப் போகிற மற்றக் குடும்பங்களின் அட்டைகளையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படம் எடுத்துக் கொடுங்கள். நர்சம்மாவிடம் சொல்ல வேண்டிய விவரம், எத்தனை கர்ப்பிணி, எத்தனை குழந்தை, யாருக்கு என்ன மாத்திரை என்பதை ஒரே தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராவது இருந்தால் கிளம்பும் முன்பே சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஒரே கொட்டாயில் பத்துப் பேர் படுக்கிற இடத்தில் காசநோய் வேகமாகப் பரவும். ஏற்கெனவே காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், சிகிச்சையைத் தஞ்சாவூருக்கு மாற்றித் தரச் சொல்லி இங்குள்ள காசநோய்ப் பிரிவில் இப்போதே கேட்க வேண்டும்.

அம்மாவின் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்குள் ரத்தப்போக்கு நிற்காமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.